ஒரு நடுகல்லிலிருந்து ஒரு சமூகத்தைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலையையும் பண்பாட்டையும் படித்து ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய இடத்தில்தான் தொடங்குகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகள். எல்லாமே பார்க்க வேண்டியவைதாம். ஆனால் முதல் பாடத்துக்கு அவை ஏற்றவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெருங்கோயிலில் அரசனின் விருப்பம், ஆகமம், சிற்பியின் கை, பின்னாள் திருப்பணி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கவே ஆண்டுகள் பிடிக்கும்.

நடுகல் அப்படியல்ல. போரிலோ பூசலிலோ இறந்த வீரனின் நினைவாக நட்ட கல் அது. ஒரு கல், ஒரு மனிதன், ஒரு சாவு, கல்லின் மேல் சில வரிகள். ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ வேப்பமரத்தடியிலோ நின்றுகொண்டிருக்கும். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இவை மிகுதி. ஒரே ஒரு நடுகல்லை முழுமையாகப் படிக்கத் தெரிந்துகொண்டால், அதே கேள்விகளைத் தெருக்கூத்திடமும் கோலத்திடமும் ஒப்பாரியிடமும் கேட்க முடியும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கலைப்பொருளும் இரண்டு வகையில் பேசும். அதைச் செய்தவர்கள் சொல்ல விரும்பியது ஒன்று. சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிவிட்டது இன்னொன்று. சமூகத்தைப் படிக்க வந்தவருக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்படும். கீழே வரும் படிகள் எல்லாம் அதை வெளியே கொண்டுவருவதற்கான வழிகள்.

முதல் படி: ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள்

களத்துக்குப் போகும் முன் அருங்காட்சியகத்தில் சில நடுகற்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பல நடுகற்கள் இருக்கின்றன. அங்கே அரைநாள் செலவிட்டால் புலியோடு போரிடும் வீரன், பன்றியைக் குத்தும் வீரன், வில்லேந்தியவன், வாளும் கேடயமும் ஏந்தியவன் என்று வகைகள் பிடிபட்டுவிடும்.

பிறகு, ஏற்கெனவே படித்துப் பதிப்பிக்கப்பட்ட ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். புதிய கல் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கும் ஆசை இப்போது வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரக் கற்களின் வாசகங்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளியிட்டது. துறையின் பழைய வெளியீடுகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் படிக்கலாம். பதிப்பிக்கப்பட்ட வாசகம் கையில் இருந்தால் உங்கள் வாசிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வழி உண்டு.

ஊருக்குள் போய் ‘நடுகல் எங்கே’ என்று கேட்டால் பலருக்குத் தெரியாமல் போகலாம். செங்கம், தருமபுரிப் பக்கம் ‘வேடியப்பன் கோயில் எங்கே’ என்று கேளுங்கள். கொங்குப் பகுதியில் ‘புலிக்குத்திக்கல்’ என்றால் வழி காட்டுவார்கள்.

இரண்டாம் படி: அனுமதி

கல் பொதுவெளியில் நிற்கிறது என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான நடுகற்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. பூசாரி யார், எந்தக் குடும்பத்துக்கு முறை என்று விசாரித்து, அவரிடம் நேரில் பேசி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ‘ஐயா, இந்தக் கல்லைப் பற்றிப் படிக்க வந்திருக்கிறேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளலாமா’ என்று கேட்டால் மறுப்பவர் அரிது. செருப்பைக் கழற்றுங்கள். படம் எடுக்கும் முன் தனியாக ஒருமுறை கேளுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் சந்தனமும் எழுத்தை மறைத்திருந்தால் நீங்களாகக் கையை வைத்துச் சுரண்டாதீர்கள். சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் எழுதிப் பார்ப்பது, பெயின்ட் பூசுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எதுவும் கூடாது. மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் படியெடுப்பது, பயிற்சி பெற்றவர்களின் வேலை. கல்லை ஓர் அங்குலம்கூட நகர்த்த உங்களுக்கு உரிமை இல்லை.

மூன்றாம் படி: பாருங்கள், வரையுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். உச்சி வெயிலில் கல் மொட்டையாகத் தெரியும். காலை ஏழு எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கு மேலும் வெயில் சாய்வாக விழும்போது, அதே கல்லில் அதுவரை இல்லாத கோடுகள் எழுந்து வரும். இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். விளக்கை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால், வெறும் சொரசொரப்பு என்று நினைத்த இடத்தில் வீரனின் இடையில் ஒரு குறுவாளும் தொடையில் தைத்த அம்பும் தெரியவரலாம். கைபேசியில் படம் எடுப்பதும் இந்த வெளிச்சத்தில்தான். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள்.

படம் எடுத்தாலும் கையால் வரைந்தே ஆக வேண்டும். ஓவியம் வராது என்று தயங்க வேண்டாம். அழகாக வரைவது நோக்கம் அல்ல. வரையும்போதுதான் வலக்கை என்ன செய்கிறது, இடக்கையில் இருப்பது வில்லா கேடயமா, தலைமுடி எந்தப் பக்கம் முடிந்திருக்கிறது, கால் மடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் விடை தேடக் கண் கட்டாயப்படும்.

வரைந்த பிறகு, விளக்கம் எதுவும் சேர்க்காமல் கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘வீரன் கோபமாக நிற்கிறான்’ என்று எழுதாதீர்கள். ‘இடக்கால் முன்னே மடங்கியிருக்கிறது, வலக்கையில் ஓங்கிய குறுவாள்’ என்று எழுதுங்கள். காலடியில் சிறு கெண்டியோ (மூக்குள்ள குடம்) சிமிழோ காட்டப்பட்டிருக்கலாம். மார்பிலோ வயிற்றிலோ அம்பு தைத்திருக்கலாம். ஆடு மாடுகள் சின்னதாகக் கீழே நிற்கலாம். தலைக்கு மேல் இரண்டு பெண்கள் வீரனைத் தூக்கிச் செல்வதுபோல் இருந்தால், அவர்கள் அவனை வீரசுவர்க்கத்துக்கு அழைத்துப்போகும் தேவமகளிர். கர்நாடக எல்லையை ஒட்டிய கற்களில் இப்படி அடுக்கடுக்காக வரும்: கீழே போர், நடுவே வான் ஏகுதல், மேலே லிங்கத்தின் முன் வழிபாடு.

ஒன்று கவனியுங்கள். சிற்பி எதைப் பெரிதாகச் செதுக்கினான், எதைச் சிறிதாக்கினான்? மாடுதான் சண்டைக்குக் காரணம், ஆனால் மாடு உள்ளங்கை அளவு. வீரன் கல் முழுவதையும் நிறைத்து நிற்கிறான். இந்த அளவு விகிதத்தையே குறிப்பேட்டில் தனியாகப் பதியுங்கள்.

நான்காம் படி: எழுத்தைப் படியுங்கள்

செங்கம் பகுதியின் பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்து இருக்கும். தமிழை எழுதப் பயன்பட்ட, வளைகோடுகள் மிகுந்த பழைய எழுத்து அது. அன்று தமிழகத்தில் வட்டெழுத்து, தமிழ், வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்தம் என்ற மூன்று எழுத்து முறைகள் புழங்கின. பல்லவ அரசர்கள் தங்கள் சாசனங்களில் கிரந்தத்தையும் தமிழ் எழுத்தையும் பயன்படுத்திய அதே காலத்தில், அவர்களுடைய ஆட்சியாண்டைக் குறிப்பிடும் ஊர்ப்புறக் கற்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டன. அரண்மனையின் எழுத்து ஒன்று, ஊரில் புழங்கிய எழுத்து வேறொன்று. சமூகத்தைப் படிக்கிறவர் இங்கேயே ஒரு குறிப்பு எழுதிவிடலாம்.

வட்டெழுத்தைக் கற்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பதிப்பித்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வாசகங்கள் பெரும்பாலும் ஒரே கட்டுக்கோப்பில் வரும். முதலில் அரசன் பெயரும் அவனுடைய ஆட்சியாண்டும். அடுத்து அந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசன். பிறகு இறந்தவன் யாருடைய ஆள், அவன் பெயர் என்ன. பிறகு நடந்தது என்ன. கடைசியில் ‘பட்டான் கல்’. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ‘தொறுக் கொண்ட’ என்று வந்தால் மந்தையைக் கவர்ந்தபோது என்று பொருள், ‘தொறு மீட்டு’ என்றால் கவர்ந்தவர்களிடமிருந்து திரும்பப் பெற்று. இந்த நான்கைந்து சொற்கள் தெரிந்தாலே பாதிக் கற்கள் வாய் திறந்துவிடும்.

இப்போது ஒரு கல்லை அருகில் வைத்துப் பார்ப்போம். செங்கம் வட்டாரத்தில் எடத்தனூரில் உள்ள கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணர் குலத் தலைவரான வாணகோ அரசரின் பெயரைச் சொல்லி, அவரைச் சார்ந்தவரின் இளமகனான (ஆளான இளம் வீரன்) கருந்தேவகத்தி தன் எருமைகளின் பொருட்டு நடந்த பூசலில் இறந்தான் என்கிறது. கூடவே, கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களை, அதாவது திருடர்களை, கடித்துக் காத்து நின்றதையும் சொல்கிறது. கல்லில் வீரனோடு அந்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது.

கல்லை நட்டவர்கள் சொல்ல விரும்பியது, கருந்தேவகத்தி வீரன், அவனுடைய நாய் விசுவாசமானது என்பது. அவர்கள் நினைக்காமலே சொன்னவற்றைப் பாருங்கள். அந்த நிலத்தில் எருமை ஒரு முக்கியச் செல்வம். அதற்காகச் சாவதும் கொல்வதும் வழக்கமாக இருந்தது. காவல் அரசனிடமிருந்து வரவில்லை, சொந்தக் கையிலும் நாயின் பல்லிலும் இருந்தது. ஆனாலும் காலத்தைச் சொல்ல அவர்களுக்குக் காஞ்சியில் இருந்த அரசனின் ஆண்டுதான் கணக்கு. இடையில் ஒரு வாணர் தலைவன். அரசன், தலைவன், தலைவனைச் சார்ந்தவர், அவருடைய ஆள் என்று ஓர் அடுக்கு முழுவதும் சில வரிகளில் தெரிந்துவிடுகிறது. நாய்க்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் கல்லில் வெட்டத் தகுந்தது என்றும் அவர்கள் கருதினார்கள். இரண்டு கள்ளர்களுக்கும் கல்லில் பெயரில்லை.

ஒரு பேரரசின் வரலாற்றை எழுதும்போது மகேந்திரவர்மன் குடைவரைகளும் இசையும் நாடகமுமாக வருகிறார். அதே மன்னரின் ஆட்சியில், எருமையைக் காக்க ஒருவன் உயிர்விட்ட மேட்டுநிலமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் அது பல்லவர் காலம்.

ஐந்தாம் படி: சுற்றுமுற்றும் பாருங்கள்

கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஏரி எங்கே, மலை எங்கே, பழைய பாதை எது? செங்கம் வட்டாரம் சவ்வாது மலையை ஒட்டிய மேட்டுநிலம். மழை குறைவு, மேய்ச்சல் அதிகம். ஆநிரை கவரும் பூசல்கள் இங்கே மிகுதியாகக் கல்லில் பதிவானதில் வியப்பில்லை. காவிரிக் கழிமுகத்தில் இப்படிப்பட்ட நடுகற்கள் அரிது. அங்கே செல்வம் நெல்வயல். வயலை இரவோடு இரவாக ஓட்டிச் செல்ல முடியாது. எனவே அந்தச் சமூகம் கல்லில் வெட்டியது நிலக்கொடையையும் விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கையும் தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிசெய்த ஆடல் மகளிர்) பெயர்களையும். 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களே அதற்குச் சான்று. செல்வம் எந்த வடிவில் இருந்ததோ அதற்கு ஏற்ப நினைவும் கலையும் வடிவம் கொண்டிருக்கின்றன. இந்த ஒரு தொடர்பைப் பிடித்துவிட்டால் உலகத்தின் எந்த மூலைக் கலையைப் பார்த்தாலும் முதல் கேள்வி தானாக வரும்: இவர்களின் செல்வம் எது, அதை எப்படிப் பாதுகாத்தார்கள்?

ஆறாம் படி: பாட்டோடு ஒப்பிடுங்கள், ஆனால் கவனமாக

தமிழில் படிக்கிறவருக்கு ஒரு பெரும்பேறு உண்டு. கல்லும் பாட்டும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகின்றன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வழிபடுவது வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (232), நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று அவர் கேட்கிறார். அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. செங்கம் கற்களின் காலடியில் தெரியும் கெண்டியையும் சிமிழையும் இந்தப் படையலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த கற்களில் உருவமே இல்லை, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்பிராமி மட்டும். அவற்றில் ஒன்று கூடல் ஊர் ஆகோளில் (மந்தை கவர்தலில்) இறந்த அந்தவன் என்பவனைக் குறிக்கிறது. கண்டெடுத்தவர்கள் அவற்றைக் கிறித்துவுக்கு முற்பட்டவை எனக் கணித்திருக்கிறார்கள். நடுகல்லில் பெயரும் பெருமையும் எழுதினார்கள் என்று சங்கப் பாட்டு சொன்னதற்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது அப்போதுதான்.

ஆனால் பாட்டை எடுத்துக் கல்லின் மேல் அப்படியே போர்த்திவிடக் கூடாது. புறப்பாட்டைப் பாடியவர் புலவர், கேட்டவர் பெரும்பாலும் தலைவர். பாட்டுக்குத் திணையும் துறையும் உண்டு. நடந்ததெல்லாம் அந்த வாய்பாட்டில் அடங்கியே வரும். கல்லை நட்டவர்கள் இறந்தவனின் உறவினரும் ஊராரும் அவனுடைய தலைவனும். பாட்டில் வீரம் பொலிகிறது. கல்லில் எருமை நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடங்களைவிட விலகிப்போகும் இடங்களை எழுதிவையுங்கள். அங்கேதான் வேலை இருக்கிறது.

ஏழாம் படி: இன்று கும்பிடுகிறவர்களிடம் பேசுங்கள்

கல் நடப்பட்ட நாளோடு கதை முடிந்துவிடவில்லை. 1,400 ஆண்டுகளாக அதை யாரோ விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எருமை காத்தவன் இன்று வேடியப்பனாகக் கிடாவும் பொங்கலும் ஏற்கிறான். எழுத்து மறந்துபோனது, வழிபாடு மறக்கவில்லை.

இங்கே கேள்வி கேட்கும் முறை முக்கியம். ‘இது எந்த நூற்றாண்டு என்று தெரியுமா’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் பள்ளிக்கூடப் பையனைப்போல் நெளிவார். ‘திருவிழா எப்போது ஐயா, யார் வீட்டிலிருந்து பொங்கல் வரும், முதல் மரியாதை யாருக்கு, கிடா வெட்டியபின் தலை யாருக்குப் போகும்’ என்று கேளுங்கள். மரியாதையின் வரிசையே ஊரின் அதிகார வரிசை. யார் கல்லருகே நிற்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்க வேண்டாம், பாருங்கள். அதே கதையை ஒரு பாட்டியிடமும் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் சண்டையைச் சொல்வார்கள். பாட்டி, அவன் பெண்டாட்டி என்ன ஆனாள் என்பதைச் சொல்லக்கூடும்.

அவர்கள் சொல்லும் கதை கல்வெட்டோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்தாதீர்கள். ‘கல்லில் அப்படி இல்லையே’ என்று சொல்லும் ஒரு வாக்கியம் உரையாடலை முடித்துவிடும். கல்வெட்டு 7ஆம் நூற்றாண்டுக்குச் சான்று, அவர்கள் கதை இன்றைய ஊருக்குச் சான்று. இரண்டும் உங்களுக்கு வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைய சாதிப் பெயர் ஒன்றைப் பழைய வீரன் மேல் ஒட்டாதீர்கள், பிறர் ஒட்டியதை ஆதாரமில்லாமல் வழிமொழியவும் செய்யாதீர்கள். ‘எங்கள் சாதி வீரன்’ என்று யாராவது சொன்னால் அது இன்றைய சமூகத்தைப் பற்றிய அரிய தகவல். அந்தத் தலைப்பில் எழுதுங்கள். இறந்தவனைப் பற்றிய தகவலாக எழுதினால், கல்லையே இன்றைய சண்டைக்கு ஆயுதமாகக் கொடுத்துவிடுவீர்கள்.

எட்டாம் படி: கல்லில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

மந்தையைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் உண்டு. எனவே கவர்வது வெறும் திருட்டாக எப்போதும் எண்ணப்படவில்லை. தலைவனுக்காகச் செய்தால் அது வீரம். பெயரில்லாத இருவர் செய்தால் கள்ளம். எடத்தனூரின் அந்த இரண்டு கள்ளர்களுக்கும் அவர்களுடைய ஊரில் ஒரு கல் நின்றிருக்குமோ என்ற கேள்வியை நான் விடவே இல்லை.

பெண்கள் எங்கே? பெரும்பாலும் பின்னாள் கற்களில், கணவனோடு தீயில் இறந்தவளாக. வளையல் அணிந்த கை உயர்ந்திருந்தால் அது சதிக்கல். விஜயநகர, நாயக்கர் காலத்தில் இவை பெருகின. தென்மாவட்டங்களில் சில இன்று மாலையம்மன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. வடக்கே தீப்பாய்ந்த அம்மன். இந்தக் கற்களின் முன் நிற்கும்போது அழகை ரசித்துவிட்டுப் போக மனம் வராது, வரவும் கூடாது. அவளாகப் போனாளா, அனுப்பப்பட்டாளா என்று கல் சொல்லாது. கல்லை நட்டவர்கள் பெருமை என்று நினைத்ததை நாம் பெருமை என்று திருப்பி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னை மாகாணத்தில் உடன்கட்டை 1830இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பதையும், அவளைக் கும்பிடும் குடும்பத்தின் பக்தியையும் ஒரே பக்கத்தில் எழுதப் பழகுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: வேறொரு நாட்டுக் கல்லோடு ஒப்பிடுங்கள்

ஒரு சமூகத்தை மட்டும் பார்த்தால் அதன் வழக்கமெல்லாம் இயற்கை என்றே தோன்றும். கருந்தேவகத்தியின் நாய்க்கு இணையாகக் கன்னட நாட்டில் ஒரு நாய் உண்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல், 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த போரைப் பற்றி அது பேசுகிறது. அந்தப் போரில் கங்க மன்னன் பூதுகனின் வீரனான மணலேரன் சிறப்பாகப் போரிட்டான். என்ன வேண்டும் கேள் என்று மன்னன் சொன்னபோது, காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. நாய்க்காகக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசாரிக்குப் பாவம் சேரும் என்றும் எழுதினார்கள். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு நாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கோவிவன் மந்தையைக் காத்த நாய். காளி வேட்டையாடிய நாய், அரசன் கொடுத்த பரிசு. முதல் கல் மேய்ச்சல்காரர்களின் துயரம். இரண்டாவது, படைவீரர்களும் மன்னரும் கொண்டாடிய பெருமை; அதற்குக் கோயிலும் நிலமும் பூசாரியும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இந்தளூரிலும் சண்டைச் சேவல்களுக்கு எடுத்த கற்கள் இருக்கின்றன. அவற்றில் மேற்சேரி, கீழ்ச்சேரி என்று சேரியின் பெயரால் கோழி குறிக்கப்படுகிறது. சேரி என்றால் அன்று ஊரின் ஒரு குடியிருப்புப் பகுதி. சேவல் இறந்தால் ஒரு சேரியே துக்கப்பட்டது என்றால், அந்தச் சேரிக்குத் தன்னை ஒரு கூட்டமாக உணர வைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

பத்தாம் படி: எழுதுங்கள்

குறிப்பேட்டில் நான்கு தலைப்புகள் போதும்: கண்டது, வாசித்தது, கேட்டது, ஊகித்தது. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு நழுவவிடாமல் எழுதுவதுதான் இந்தப் படிப்பின் ஒழுக்கம். ஊகம் தவறு அல்ல, ஊகத்தை வாசித்ததாக எழுதுவது தவறு. முதல் கட்டுரை மூன்று பக்கத்துக்குள் இருக்கட்டும். எழுதியதன் ஒரு படியைப் பூசாரிக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை என்ற வருத்தம் பல ஊர்களில் உண்டு.

பதிவாகாத கல் ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டால், மாவட்டத்தில் உள்ள தொல்லியல் அலுவலருக்கோ அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ தெரிவியுங்கள். சரியான இருப்பிடத்தை இணையத்தில் பரப்பாதீர்கள். நடுகல்லின் அடியில் புதையல் இருக்கிறது என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எழுத்துகளை முறையாகக் கற்க விரும்பினால் தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. வேலையில் இருப்பவர்கள் வார இறுதிகளில் நடக்கும் கல்வெட்டுப் பயிலரங்குகளில் சேரலாம். பல வரலாற்று ஆர்வலர் குழுக்கள் நடத்துகின்றன. அதற்கிடையே, முதல் கல் நிற்கும் ஊருக்குப் பக்கத்து ஊரில் இரண்டாவது கல்லைத் தேடுங்கள். அதே தலைவனின் பெயர் அங்கேயும் வருகிறதா, அதே மந்தைக்கு அந்த ஊரார் எந்தப் பக்கம் நின்று போரிட்டார்கள் என்று பாருங்கள்.